9.25க்கு ரிமோட்டைக் கீழை வையுங்கோ

கேள்வி: ஐயா, எங்கட வீட்டிலை ஒரு ரீவிதான். டிசம்பர் 26 விடிஞ்சா மாமி சுனாமி நினைவு நிகழ்ச்சிக்கு முன்னாலை இருந்திடுவா. அவவுக்குச் சொந்த ஊர் உடுத்துறை, தங்கச்சியும் ரெண்டு பிள்ளையளும் அலையோடை போனவை. முந்தி பஸ் ஏறி நினைவாலயத்துக்குப் போறவ, இப்ப முழங்கால் ஏலாது. ஆனா அண்டைக்குத்தான் மெல்பேர்ண் ரெஸ்ற் மட்சும் தொடங்குது. போன முறை 9.20 போலை ரெண்டு ஓவர் பாப்பமெண்டு சனலை மாத்தினன், மாமி எழும்பி அறைக்கை போனவ பின்னேரம் வரை சாப்பிடேல்லை. இருபது வருசம் தாண்டியும் அதே அலை, அதே அழுகை, எப்பதான் போதும் எண்டு சொல்லுறது? (ஒரு வாசகர், கொக்குவில்)

பதில்: தம்பி, போதும் எண்டு சொல்ல வேண்டியது மாமி, நீங்களும் இல்லை நானும் இல்லை. 9.25 இலை இருந்து 9.27 வரை நாடு முழுக்க மௌனமா நிக்கிற ரெண்டு நிமிசம், அதுக்கு ஐஞ்சு நிமிசம் இருக்கேக்கை மாத்தியிருக்கிறியள். முழங்கால் ஏலாத மனுசிக்கு அந்த ரீவிதான் உடுத்துறைக்குப் போற பஸ். பாதி வழியிலை இறக்கி விட்டிட்டு ஏன் சாப்பிடேல்லை எண்டு கேக்கிறியள்.

நான் ஒரு வருசம் அங்கை போய் நிண்டனான். ஒரு தாய் இலையிலை சோறு, வடை, வாழைப்பழம் எல்லாம் படைச்சுப்போட்டு, கடைசியா ஒரு ரொபியை எடுத்துப் பேப்பரை உரிச்சு வைச்சா. பக்கத்திலை நிண்ட பொம்பிளை ஏன் உரிக்கிறாய் எண்டு கேக்க, சின்னவனுக்கு உரிக்கத் தெரியாதக்கா எண்டா. அவன் உயிரோடை இருந்தா இண்டைக்குக் கலியாணம் கட்டியிருப்பான், அவவுக்கு இன்னும் உரிக்கத் தெரியாத பிள்ளைதான். இதுக்கு இருபது வருசக் கணக்கு எப்பிடித் தம்பி பொருந்தும்?

அலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுறது, பிரேதத்துக்கு மேலை சோகப் பாட்டுப் போடுறது, நடுவிலை சவர்க்கார விளம்பரம், இதெல்லாம் எனக்கும் பிடிக்காது. அது சனல்காரர் திருந்த வேண்டிய விசயம், அவைக்கு எழுதுங்கோ, நானும் எழுதுறன். அதுக்காக மாமியின்ரை கையிலை இருந்து ரிமோட்டைப் பறிக்கிறது நியாயமில்லை. எத்தினையோ வீட்டிலை அல்பமும் கடலோடை போனது, ஒரு படம்கூட மிஞ்சேல்லை. ஊரைக் காட்டேக்கை அந்தச் சனம் ரீவிக்குக் கிட்டப் போய் நிண்டு பாக்கிறது அதாலைதான்.

இன்னொண்டும் சொல்லோணும். சுமாத்திராப் பக்கம் நிலம் நடுங்கேக்கை இங்கை காலமை ஏழு மணி போலை, அலை வர ரெண்டு மணித்தியாலம் கிட்ட இருந்தது, ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. கடல் உள்வாங்கினதைப் புதினம் பாக்க ஓடின சனமும் உண்டு, நாட்டிலை 30,000க்கு மேலை செத்தவை. ஆனா நடுக்கம் வந்த இடத்துக்குப் பக்கத்திலையே சிமெலு எண்டு ஒரு தீவு, அங்கை 1907இலை அலை அடிச்ச கதையைக் கிழவிமார் பேரப்பிள்ளையளுக்குச் சொல்லிச் சொல்லியே வளத்தவை, நிலம் ஆடினவுடனை சனம் மலைக்கு ஓடிட்டுது, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான் செத்தது. 97 வருசமாப் போதும் எண்டு நிப்பாட்டாமச் சொல்லி வந்த கதை தம்பி அது.

கிறிக்கெற் பாக்கிறதை நான் குறை சொல்லேல்லை, நானும் பாக்கிறனான். 2004 அண்டைக்கு எங்கட அணி நியூசிலாந்திலை விளையாடிக்கொண்டிருந்தது, மிச்ச ஆட்டத்தை விட்டிட்டு ஊருக்குத் திரும்பினவை. நீங்கள் பாக்கிற அந்த மெல்பேர்ண் மைதானத்திலைதான் 2005 ஜனவரி 10 சுனாமிக்குக் காசு சேர்க்க ஒரு மட்ச் வைச்சவை. ரெஸ்ற் ஐஞ்சு நாள் நடக்கும், ரெண்டு ஓவர் எங்கையும் ஓடாது.

வாற டிசம்பர் 26 காலமை மாமிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டுப் பக்கத்திலை இருங்கோ, பிள்ளையள் இருந்தா அதுகளையும் இருத்துங்கோ. அதுக்கு முதல் ஒரு வேலை இருக்கு. உங்கட கேள்வியிலை தங்கச்சியும் ரெண்டு பிள்ளையளும் எண்டுதான் கிடக்கு, மூண்டு பேரின்ரை பேரும் இல்லை. மாமியிட்டைக் கேளுங்கோ.