ஆசிரியர் கேள்வி – நிபுணர் பதில்: மூடிலில் தேர்வு வைக்கும்போது

கல்லூரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. இணையவழியில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடில் மென்பொருளின் 4 வரிசைப் பதிப்புகளை மனத்தில் வைத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மூடிலின் கேள்வி வங்கியில் 40 கேள்விகள் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ரேண்டமாக 20 வருமாறு வைத்தேன். அப்படியும் விடைகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். எங்கே தவறு?
– இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: வங்கி சிறியது. 40-இல் 20 எடுத்தால், எந்த இரண்டு மாணவர்களுக்கும் சராசரியாக 20 × 20 ÷ 40, அதாவது 10 கேள்விகள் ஒன்றாகவே விழும். பாதித் தாள் ஒரே தாள். வங்கியில் 100 இருந்தால் இது 4 ஆகிவிடும்.

நூறையும் ஒரே கேட்டகிரியில் கொட்டிவிடாதீர்கள். ஒருவருக்கு எளியவையாக வந்து, அடுத்தவருக்கு வெப்ப இயக்கவியலாகவே வந்தால் சண்டைக்கு வருவார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். 5 யூனிட்டுக்கும் எளிது, கடினம் என்று இரண்டிரண்டு கேட்டகிரி வையுங்கள். ஒவ்வொன்றிலும் 10 கேள்விகள். தேர்வில் ஒவ்வொரு கேட்டகிரியிலிருந்தும் 2 ரேண்டம் கேள்விகள் சேர்த்தால் 20 ஆயிற்று. தாள்கள் வேறு வேறாக இருந்தாலும் கடினம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

நூறு கேள்வி எழுத யாருக்கு நேரம் என்றால், உங்கள் பாடத்துக்குக் ‘கால்குலேட்டட்’ வகை கைகொடுக்கும். மின்னழுத்தத்தையும் மின்தடையையும் மாறிகளாகக் கொடுத்துச் சூத்திரத்தை எழுதிவிட்டால், எண்கள் மாணவருக்கு மாணவர் மாறும். சாதாரண ‘நியூமெரிக்கல்’ வகையில் ஓர் எச்சரிக்கை: அனுமதிக்கும் பிழை எல்லை, நீங்கள் மாற்றாதவரை 0 என்றே இருக்கும். 20 வோல்ட், 7 ஓம் என்று கொடுத்து மின்னோட்டத்தைக் கேட்டு விடையாக 2.857 என்று பதிந்திருந்தால், 2.86 என்று சரியாகவே முழுமையாக்கி எழுதிய மாணவருக்குப் பூஜ்யம். எல்லையை 0.01 ஆக்குங்கள். ‘விடையை ஆம்பியரில், எண்ணாக மட்டும் எழுதுக’ என்பதையும் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். அலகைச் சேர்த்து எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

இன்னொன்று. விடைகளின் வரிசையைக் கலைக்கச் சொல்லியிருந்தால் ‘மேற்கூறிய அனைத்தும்’ என்ற தெரிவு முதல் இடத்துக்குப் போய் நிற்கும். அந்த மாதிரித் தெரிவுகளையே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: நோட்பேடில் தட்டிய தமிழ்க் கேள்விகளை ஏற்றினால் வெறும் கேள்விக்குறிகளாக வருகின்றன. சில கேள்விகள் ஏதோ ஆங்கில எழுத்துக் கூட்டமாக வருகின்றன.
– தமிழ்த்துறை, யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. கேள்விக்குறி வந்தால், கோப்பைச் சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) யூடிஎஃப்-8 ஆக இல்லை என்று பொருள். திருத்திச் சேமித்து மறுபடி ஏற்றுங்கள். ஆங்கில எழுத்துக் கூட்டம் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. ஃபாண்டை மாற்றுவதால் பயனில்லை. யூனிகோடு மாற்றி ஒன்றில் இட்டு மாற்றியபின், ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

தெரிவுக் கேள்விகளை வெறும் எழுத்துக் கோப்பாக எழுதி ஏற்றும் ஏய்கன் வடிவில் ஏற்றுவதாக இருந்தால் ஒரு கேள்வி முழுவதும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தெரிவுகளின் தொடக்க எழுத்தும், விடை வரியில் வரும் ஆன்சர் என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்தான் இருக்க வேண்டும். அங்கே ‘அ, ஆ, இ’ போட்டால் ஏற்காது.

கேள்வி: நேரம் முடியும் சமயத்தில் நெட் போய்விட்டது என்கிறார்கள். சிலருக்கு மதிப்பெண்ணே பதிவாகவில்லை. நம்புவதா?
– பொறியியல் கல்லூரி, ஈரோடு

பதில்: நம்புவதற்கு முன் உங்கள் அமைப்பைப் பாருங்கள். ‘நேரம் முடிந்ததும்’ என்ற இடத்தில் மூன்று தெரிவுகள் உண்டு: தானே சமர்ப்பித்துக்கொள்வது, சிறிது கூடுதல் நேரம் கொடுத்துச் சமர்ப்பிக்க மட்டும் விடுவது, நேரத்துக்குள் சமர்ப்பிக்காததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. மூன்றாவது இருந்தால் உங்கள் மாணவர்கள் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் தெரிவுக்கு மாற்றுங்கள்.

விடைகள் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கப்படுகின்றன. ஆகவே நெட் போனாலும் கடைசி ஓரிரு நிமிட வேலைதான் போகும். நெட் வந்ததும் அதே தேர்வைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கடிகாரம் ஓடுவது சர்வரில். நெட் இல்லாத நேரமும் கழிந்துகொண்டேதான் இருக்கும். இதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மாணவர் பிரவுசரை மூடிவிட்டாலும் தாள் தானே சமர்ப்பணமாக வேண்டுமென்றால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே செய்யும் ‘கிரான்’ சர்வரில் ஓட வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை. அதைக் கவனிப்பது உங்கள் சிஸ்டம் அட்மினின் வேலை. தேர்வுக்கு முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பார்வைக் குறைபாடுள்ள மாணவிக்கு மட்டும் கூடுதல் நேரம் தர முடியுமா?
– வணிகவியல் துறை, மதுரை

பதில்: முடியும். தேர்வுக்குள் ‘ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் அவர் பெயரைத் தேர்ந்து நேரத்தை மாற்றுங்கள். எழுத்தர் உதவிக்குத் தகுதியுள்ளோருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுசெய் நேரம் என்பது மத்திய அரசு 2018-இல் வகுத்த வழிகாட்டு நெறி. 60 நிமிடத் தேர்வு என்றால் 80. பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: நேர அளவை மட்டும் கூட்டிவிட்டு, தேர்வு மூடும் நேரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். 11 மணிக்குத் தேர்வு மூடினால், அந்த 20 நிமிடம் ஏட்டோடு சரி. இரண்டையும் மாற்றுங்கள். படமாக ஒட்டிய அட்டவணையைத் திரைவாசிப்பான் படிக்காது, அட்டவணையாகவே தட்டுங்கள்.

கேள்வி: விடைக்குறிப்பில் தவறு இருந்தது தேர்வு முடிந்தபின் தெரிந்தது. மறுதேர்வுதானா?
– கணினி அறிவியல், வேலூர்

பதில்: வேண்டியதில்லை. வங்கியில் கேள்வியைத் திறந்து 100 சதவீதத்தைச் சரியான தெரிவுக்கு மாற்றிச் சேமியுங்கள். தெரிவுகளைக் கூட்டவோ நீக்கவோ கூடாது. தேர்வு அந்தக் கேள்வியின் கடைசிப் பதிப்பைத்தான் எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிவுகள் பக்கத்தில் ‘ரீகிரேடு’ (மறுமதிப்பீடு) கொடுங்கள். ஒத்திகை ஓட்டம் தரும் வசதியும் அங்கே உண்டு. யார் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்று முதலில் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை மாணவர் சொல்லித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஃபெசிலிட்டி இண்டெக்ஸ், வகுப்பு சராசரியாக அந்தக் கேள்வியில் வாங்கிய சதவீதம். நான்கு தெரிவுக் கேள்வியில் இது 25-ஐ ஒட்டி இருந்தால் பலரும் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸ், மற்ற கேள்விகளை நன்றாக எழுதியவர்கள் இதையும் நன்றாக எழுதினார்களா என்பதைச் சொல்லும். 30-க்கு மேல் என்றால் போதுமானது. 50-க்கு மேல் மிக நன்று. அது மைனஸில் போனால் நல்ல மாணவர்கள் தவறவிட்டதை மற்றவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் விடைக்குறிப்பு தவறாக இருக்கும், அல்லது கேள்விக்கு இரண்டு பொருள் இருக்கும். மதிப்பெண்ணை வெளியிடும் முன் இந்த அறிக்கையைத் திறப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் 20 பேர்தான் என்றால் மட்டும் இந்த எண்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்.

கேள்வி: சேஃப் எக்ஸாம் பிரவுசர் போட்டால் காப்பியடிப்பது நின்றுவிடுமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தேர்வு முடியும்வரை வேறு பக்கத்தையோ செயலியையோ திறக்கவிடாத பிரவுசர் அது. ஆகவே அந்தக் கணினியில் நிற்கும். மடியில் இருக்கும் செல்போனை அது என்ன செய்யும்? சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், ஐபேடு ஆகியவற்றில் ஓடும். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸ் லேபிலும் ஓடாது. மேற்பார்வையாளர் நிற்கும் லேபுக்குப் பொருத்தமானது. வீட்டிலிருந்து எழுதும் தேர்வுக்கு இதை நம்பி 50 மதிப்பெண்ணை வைக்காதீர்கள். அங்கே மதிப்பெண்ணைக் குறைத்து, தேர்வு முடிந்த பின் குலுக்கலில் 10 பேரைக் கூப்பிட்டு, அவர்கள் எழுதிய விடையையே ஆளுக்கு 3 நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். குலுக்கல் உண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். பாதிப் பலன் அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது.