மூன்று விநாடிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2023-இல் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்கும் முதுமலை யானைக்குட்டிகளைப் பற்றிய ஆவணக் குறும்படத்துக்கும் ஒரே இரவில் ஆஸ்கர் கிடைத்ததிலிருந்து, இந்தியத் திரையுலகமும் ஹாலிவுட்டும் நெருங்கிவிட்டன என்ற பேச்சைத் தொடர்ந்து கேட்கிறேன். நான் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நெருக்கத்தால் நம் தொழிலுக்கு உண்மையில் கிடைப்பது என்ன? பிளஸ் டூ முடித்த என் பேரன், சென்னைக்குப் போய் விஷுவல் எஃபெக்ட்ஸ் படித்தால் ஹாலிவுட் படங்களில் வேலை செய்யலாம் என்கிறான். அனுப்பலாமா?

தங்கள் வாசகன்,
திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் அரங்கு காலியாவதை ஆபரேட்டர் அறையின் சிறு சன்னல் வழியாகப் பல ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். உங்கள் இரண்டு கேள்விகளுக்குமான பதில் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மாடியில் ஓர் இளைஞர் குடியிருந்தார். சென்னையில் ஒரு நிறுவனத்தில் ‘ரோட்டோ’ வேலை செய்துவந்தார். படமெடுத்த காட்சியில் நடிகரின் உருவத்தை மட்டும் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதற்காக, ஒவ்வொரு ஃபிரேமிலும் அவருடைய விளிம்பைக் கோடிட்டு வரைவதே அந்த வேலை. விநாடிக்கு 24 ஃபிரேம் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒப்பந்தப்படி, படம் வெளியாகும்வரை என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூட அவர் சொல்லக் கூடாது. வெளியாகி ஓராண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த அமெரிக்கப் படம் தொலைக்காட்சியில் வந்தபோது, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். காற்றில் தலைமுடி பறக்க ஒரு பெண் திரும்பிப் பார்க்கும் காட்சி வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். “இந்த மூணு செகண்ட் என்னோடது சார்” என்றார். 72 ஃபிரேம்கள், முடியை இழை இழையாகப் பிரிக்கவேண்டியிருந்ததால் இரண்டு வாரம் பிடித்ததாம். பிறகு நாங்கள் இருவரும் பெயர்ப்பட்டியலைக் கடைசிவரை பார்த்தோம். அவர் பெயர் அதில் இல்லை.

அவருடைய நிறுவனத்தை மட்டும் இதற்குக் குறைசொல்லிப் பயனில்லை, ஏனென்றால் அந்தத் துறையில் இதுவே பழகிப்போன நடைமுறை. ஸ்டுடியோ ஒரு பெரிய எஃபெக்ட்ஸ் நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கிறது, அது ரோட்டோ, பெயிண்ட் (காட்சியில் வேண்டாதவற்றை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் அப்படியே பின்தொடர்வது) போன்ற பொறுமை கோரும் அடிப்படைப் பணிகளைத் தன் கிளைகளுக்கோ சிறு நிறுவனங்களுக்கோ பிரித்து அனுப்புகிறது, பட்டியலில் எத்தனை பெயர்களுக்கு இடம் என்பதோ மேலே முதல் ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிடுகிறது. 2016-இல் வந்த ‘தி ஜங்கிள் புக்’ படத்தின் முடிவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மையத்தில் படமாக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். அந்த வரி பொய்யன்று. ஆனால் நாம் திரையில் பார்த்த மத்திய இந்தியக் காட்டின் மரங்களும் விலங்குகளும் பெரும்பாலும் எம்.பி.சி. என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் லண்டன், பெங்களூர் கூடங்களில் கணினியில் உருவானவை.

ஆகவே, ஹாலிவுட்டுக்கும் நமக்குமான இன்றைய உறவில் மிக ஆழமானது விருது மேடையிலோ நட்சத்திரங்களிடமோ இல்லை. மும்பை, ஹைதராபாத், பெங்களூர், சென்னை நகரங்களின் குளிரூட்டிய கூடங்களில் இரவுப்பணி பார்க்கும் இளைஞர்களிடம் இருக்கிறது. அது எவ்வளவு பலவீனமான இடம் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் அந்தப் படத்துக்காக ஆஸ்கரும் வாங்கியது. மேடையில் அதன் மேற்பார்வையாளர் நிறுவனத்தின் நெருக்கடியைச் சொல்லத் தொடங்கியபோது இசையை எழுப்பி ஒலிவாங்கியை அடைத்தார்கள். அரங்குக்கு வெளியே எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, எம்.பி.சி.யும் அதன் அங்கமாதலால், பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்குள் வேலையிழந்தார்கள். பாரிஸில் நடந்தது என்னவென்று அவர்களில் பலருக்கு விளங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உறவு என்றாலே இப்படித்தான் இருந்தாகவேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுக்கே இதில் வேறொரு அனுபவம் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தன்னோடு படித்த மாணிக்லால் டாண்டனுடன் 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் தெரியாமலே 1936-இல் ‘சதி லீலாவதி’யை இயக்கினார், எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியது அதில்தான். 1945-இல் ‘மீரா’வை எடுத்தபோது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் ஒளி எங்கே எப்படி விழவேண்டும் என்று கண்டறிய, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அவரும் எம்.எஸ்ஸின் தலையைச் சுண்ணச் சாந்தில் சிலையாக வார்த்து, அதன்மேல் விளக்குகளைத் திருப்பித் திருப்பிச் சோதித்துப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டுகள் இங்கே இருந்து, இங்குள்ள முதலாளிகளிடம் ஊதியம் வாங்கி, இங்குள்ளவர்களின் கதைகளை எடுத்த மனிதர் அவர். கற்றுக்கொடுத்தார், கற்றும் கொண்டார். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் படமெடுத்தது. யானைகளுக்கு ரோமம் போர்த்தி ஆதிகால யானைகளாக நடக்கவிட்ட அந்தப் படத்தைச் சிறந்த படமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சேலத்துத் தயாரிப்பாளர் அதில் ஒரு பங்காளி, கூலிக்கு வேலை எடுத்தவர் அல்லர்.

இதற்கு மறுபக்கமாக, கதையின் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளாவிட்டால் எவ்வளவு பெரியவருக்கும் பாதுகாப்பில்லை என்பதற்குச் சத்யஜித் ராய் சாட்சி. கொலம்பியா நிறுவனம் எடுப்பதாக இருந்த ‘தி ஏலியன்’ திரைக்கதையோடு 1967-இல் அவர் ஹாலிவுட் போனபோது, அங்கே சுற்றிக்கொண்டிருந்த திரைக்கதைப் பிரதிகளில் உரிமையாளராகத் தன் பெயரோடு இடைத்தரகராக நின்றவரின் பெயரும் சேர்ந்திருப்பதைக் கண்டார். அந்தப் படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை.

பெரிய ஸ்டுடியோக்கள் இந்தியப் படங்களில் நேரடியாக முதலீடு செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோனி 2007-இல் வந்தது, வார்னர் 2009-இல் வந்தது, டிஸ்னி 2012-இல் இந்தியத் தயாரிப்பு நிறுவனமான யுடிவியையே வாங்கியது; 2016-இல் டிஸ்னி இந்திப் படத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.

‘நாட்டு நாட்டு’ பெற்ற விருது உண்மையான மகிழ்ச்சிக்குரியது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அமெரிக்காவில் மிகப் பலர் அந்தப் பாடல் இடம்பெற்ற ‘ஆர்ஆர்ஆர்’ படத்தை நெட்ஃபிளிக்ஸில் பார்த்தது இந்தி டப்பிங்கில் என்பதை நினைவில் வையுங்கள். தெலுங்கில் நடித்தவர்களின் உதட்டசைவுக்கு இந்தி பேசிய ஒரு படத்தைத்தான் அவர்கள் கொண்டாடினார்கள். எந்த மொழியில் போய்ச் சேருகிறோம் என்பதைக்கூட நாம் தீர்மானிப்பதில்லை.

இந்தியாவில் படமெடுக்க வரும் வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கு, இங்கே செய்யும் தகுதியான செலவில் 40 சதவீதம் வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு திருப்பித் தருவதாக ஒன்றிய அரசு 2023-இல் அறிவித்தது. மக்கள் பணத்திலிருந்து இவ்வளவு கொடுக்கும்போது, இங்கே வேலை செய்தவர்கள் அனைவரின் பெயரும் பட்டியலில் வரவேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. பெயர் இருந்தால்தான் அடுத்த நிறுவனத்தில் அனுபவத்தைக் காட்டமுடியும், ஊதியம் கேட்கமுடியும். அது வெறும் பெருமைக்கான விஷயமில்லை.

உங்கள் பேரனை அனுப்புங்கள். ஆனால் மென்பொருளை மட்டும் ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்து வேலை வாங்கித்தருவதாகச் சொல்லும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். ரோட்டோ வேலையின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. அந்த ஒரு படியிலேயே நின்றவர்களுக்கு முதலில் வேலை போகும். கையால் படம் வரையவும், ஒளியமைப்பைப் புரிந்துகொள்ளவும், தனித்தனியாக எடுத்த படிமங்களை ஒரே காட்சியாக இணைக்கும் காம்போசிட்டிங்கையும் கற்கட்டும். வேலையில் சேரும் நாளில் ஊதியம், மிகைநேரப் பணி, பெயர் இடம்பெறுவது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். மூன்றாவதைக் கேட்டால் வியப்பாகப் பார்ப்பார்கள், ஆனாலும் கேட்கட்டும். என் மாடியில் இருந்த இளைஞர் ஆறாவது ஆண்டில்தான் அதைக் கேட்டார். இப்போது வான்கூவரில் காம்போசிட்டராக இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு படத்தின் பட்டியலை நிறுத்திப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான்கு பத்தி பெயர்களுக்கு நடுவே, மூன்றாவது பத்தியில், தந்தையின் பெயரோடு சேர்த்து முழுப்பெயராக இருந்தது.

அன்புடன்.