பழைய லொறி சூடேறுவதும் தண்ணீர் குறைவதும்: கேள்வி பதில்

பெரும்போக அறுவடையோடு வன்னியின் பழைய லொறிகளுக்கு ஓய்வில்லாத காலம் தொடங்கிவிடுகிறது. நெல்லேற்றி ஓடும் லொறிகளின் எஞ்சின் சூடேறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான்: ஐயா, எனது பழைய டீசல் லொறி நெல் மூட்டைகளோடு மாங்குளம் வருவதற்குள் சூடேறிவிடுகிறது. தினமும் ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. காஸ்கட் அடித்துவிட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றலாமா?

காஸ்கட்டாகவும் இருக்கலாம்; சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு அது. ஆனாலும் தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று தெரியாமல் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள். காலையில், எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது, மூடியைத் திறக்கும் முன் றேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அது தளர்ந்திருக்க வேண்டும். விறைப்பாக இருந்து, மூடியைத் தளர்த்தியதும் காற்று சீறினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்ததாக, றேடியேற்றரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைப் போடாமல் எஞ்சினை இயக்கி, தண்ணீரின் மேற்பரப்பைக் கவனியுங்கள். அடைபட்ட காற்று வெளியேறும்போது முதலில் சில குமிழிகள் வருவது வழமைதான். ஆனால் எஞ்சின் சூடாகும் முன்பே குமிழிகள் விடாமல் வந்து, அக்சிலரேற்றரை மிதிக்கும்போது பெருகினால், காஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு என்ற பக்கமே சாய வேண்டும். எஞ்சின் ஒயில் பால் தேநீரின் நிறத்துக்கு மாறியிருக்கிறதா, சூடான பிறகும் வெண்புகை இனிப்பு மணத்தோடு வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், முதலில் றேடியேற்றர் மூடியைச் சந்தேகியுங்கள். வெறும் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஏறத்தாழ 0.9 பார் அமுக்கத்தைத் தாங்கும் நல்ல மூடி அந்தக் கொதிநிலையை 118 பாகைக்கு அருகில் உயர்த்திவிடுகிறது. மூடியின் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அமுக்கம் நிற்காது. பாரத்தோடு ஓடும்போதே தண்ணீர் கொதித்து மேலதிகக் குழாயால் வழியிலேயே சிந்திவிடும், நீங்கள் நிறுத்தும் இடத்தில் நிலம் காய்ந்தே இருக்கும். வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறிய கசிவுத் துளையையும் பாருங்கள். சூடான இரும்பில் கசியும் நீர் உடனே ஆவியாகிவிடுவதால், ஈரத்தைத் தேடாமல், வெள்ளையாகவோ துருநிறமாகவோ காய்ந்து படிந்த தடத்தைத் தேட வேண்டும்.

புதிய மூடி போட்ட பின்னும் குறைந்தால், கராஜில் கைப்பம்பால் அமுக்கம் ஏற்றிப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். வெளியில் எங்கும் சொட்டாமல் அமுக்கமானியின் முள் இறங்கினால் நீர் உள்ளேதான் போகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றுவது நியாயமானது. கழற்றினால், புதிய காஸ்கட்டை மட்டும் போட்டு மூட விடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்க்காமல் மாட்டினால், அடுத்த அறுவடைக்குள் இதே வேலை திரும்ப வரும்.

முருங்கன்: தண்ணீர் குறையவில்லை. வயல் பாதையில் மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறுகிறது, பெருந்தெருவில் இறங்குகிறது.

மெதுவாக ஓடும்போது காற்றை இழுத்துத் தருவது விசிறி மட்டுமே. ஆகவே பெல்ட்டின் இறுக்கத்தையும், விசிறியைச் சுற்றியுள்ள மறைப்புக் கூடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; பழைய லொறிகள் பலவற்றில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், அது பெரிய தவறு. நெற்பதரும் தூசியும் றேடியேற்றர் செதில்களை அடைத்திருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள். இதற்கு மாறாக, பெருந்தெருவில் பாரத்தோடு விரைந்து ஓடும்போது மட்டும் சூடேறினால், றேடியேற்றரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம், அல்லது பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம்.

கிளிநொச்சி: எங்கள் வெயிலுக்குத் தெர்மோஸ்டற் தேவையில்லை என்று மெக்கானிக் கழற்றிவிட்டார். சரியா?

சரியல்ல. தெர்மோஸ்டற் என்பது நீர் சூடான பிறகே றேடியேற்றருக்கு வழி திறக்கும் வால்வு. சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே பக்கவழியையும் அடைக்கிறது; அதைக் கழற்றினால் சூடான நீரின் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிவரும். மற்றவற்றில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைத் தின்னும். பழையதைச் சட்டியில் தண்ணீரோடு சூடாக்கி, வெப்பமானி வைத்து, அதில் பொறித்துள்ள அளவில், பெரும்பாலும் 82 பாகைக்கு அருகில், திறக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

வவுனியா: கூலன்ட் விலை அதிகம். கிணற்றுத் தண்ணீர் போதாதா?

வழியில் அவசரத்துக்கு எந்த நல்ல தண்ணீரும் போதும். ஆனால் எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றர் குழாய்களிலும் படியும். கூலன்ட்டை உறைபனிக்கு மட்டுமான மருந்தாக எண்ண வேண்டாம். அது துருவைத் தடுக்கிறது; டீசல் எஞ்சினுக்கு ஏற்ற வகை, லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயின்) வெளிப்புறம் குழி விழுவதையும் குறைக்கிறது. வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வடித்த நீர் கிடைக்காவிட்டால், தூய்மையாகச் சேர்த்த மழைநீர் கிணற்று நீரைவிட மேலானது. இறக்கிய பழைய கூலன்ட்டை வளவில் ஊற்றவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, கொடிய நஞ்சு. நாயும் மாடும் நக்கிக் குடித்துச் சாகும்.

புதுக்குடியிருப்பு: மகன் சூடேறிய உடனே ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறக்கிறான். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அமுக்கத்தில் இருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே கொதித்துப் பீறிடும். முகத்திலும் கையிலும் ஆறாத தழும்பை விட்டுச்செல்லும் அந்தச் சூட்டை ஈரச் சாக்கு தடுக்காது. சூடு காட்டும் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, நீராவியோ கசிவோ இல்லையென்றால் பாரமில்லாமல் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிடலாம். தண்ணீர் சிந்தியிருந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். ஏறியிருந்த முள் திடீரென விழுந்தாலும் நம்பக் கூடாது, உணரியைத் தொடும் அளவுக்குக் கூடத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். மேல் ஹோஸைக் கை பொறுக்கும் வரை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், காத்திருக்க வேண்டும். அதன் பின் மூடியை முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, சீறல் முற்றாக அடங்கிய பிறகு திறந்து, எஞ்சினை இயக்கி வைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். எத்தனை லீற்றர் பிடித்தது என்பதைக் குறித்துவைத்து, அந்தக் கணக்கோடு கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.