பக்கத்து டவர் குறுக்கிட்டால் ரிசீவர் என்ன செய்யும்? பெங்களூரு நண்பர்களுக்குப் பதில்கள்

ஒயிட்ஃபீல்டு, எம்.டெக் மாணவி: நான்கு ஆன்டெனா, நான்கு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் வரும் தனித்தனித் தரவு ஓட்டங்கள்), 64-குவாம் (ஒவ்வொரு ஸ்ட்ரீமிலும் 64 குறியீடுகளில் ஒன்று வரும்). எது அனுப்பப்பட்டது என்று கண்டுபிடிக்க, எல்லாச் சேர்க்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே சிறந்த வழி சார்?

சிறந்த வழிதான். ஆனால் 64-ஐ நான்கு முறை பெருக்கினால் 1,67,77,216 வருகிறது. 5ஜி-யில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அரை மில்லிசெகண்ட் ஸ்லாட்டுக்குள் இப்படிச் சுமார் 45,000 இடங்களில் தேட வேண்டும். எந்தச் சிப்பும் தாங்காது. ஸ்பியர் டிகோடர் என்ற தேடல் முறை இதை மரமாக்கி, இதுவரை கிடைத்த சிறந்த தூரத்தை (வந்த சிக்னலுக்கும் ஊகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) தாண்டும் கிளையை வெட்டிவிடும். விடை மாறாது. ஆனால் இரைச்சல் கூடும்போது தேடும் நேரமும் நீளும். அதனால் சிப்பில் கே-பெஸ்ட் எனக்குப் பிடிக்கும்: ஒவ்வொரு மட்டத்திலும் கே கிளைகள்தான், நேரம் நிச்சயம்.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: பக்கத்து செல் (டவர்) சிக்னலைச் சேர்த்ததும் என் ஸ்பியர் டிகோடர், சராசரிப் பிழையைக் குறைக்கும் எளிய முறையான சாதாரண எம்எம்எஸ்இ-ஐ விட மோசமாகிறது. ஏன் அண்ணா?

உங்கள் எம்எம்எஸ்இ-யில் குறுக்கீட்டின் கோவேரியன்ஸ் (ஆன்டெனாக்களுக்கிடையே அது எப்படித் தொடர்புடன் விழுகிறது என்று சொல்லும் அணி) இருக்கும், ஸ்பியர் டிகோடரில் இருக்காது. சந்தை இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வரும். தெருமுனை ஒலிபெருக்கி ஒரே பக்கமிருந்து வரும். பக்கத்து செல் அந்த ஒலிபெருக்கி. நான்கு ஆன்டெனாவிலும் அது ஒன்றோடொன்று தொடர்புடன் விழுகிறது. நீங்களோ எல்லாத் திசையிலும் ஒரே அளவு இரைச்சல் என்று வைத்துத் தூரம் அளக்கிறீர்கள். அளவுகோலே தவறு, தவறான கோலால் எவ்வளவு துல்லியமாகத் தேடியும் பயனில்லை.

பைலட்டில் (ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிக்னலில்) இருந்து தெரிந்த பகுதியைக் கழியுங்கள். மிச்சத்தில் 4×4 கோவேரியன்ஸ் கணக்கிட்டு, சோலெஸ்கி முறையில் (முக்கோண அணிக் காரணியாக) பிரித்து, அந்தக் காரணியின் தலைகீழால் சிக்னலையும் சேனலையும் (சிக்னல் வரும் பாதையின் அணியையும்) பெருக்குங்கள். இதற்கு ஒயிட்டனிங் என்று பெயர்: குறுக்கீடு எல்லாத் திசையிலும் ஒரே அளவு இரைச்சலாகிவிடும். பிறகு பழைய டிகோடரே போதும். பைலட் குறைவாக இருந்தால் கோவேரியன்ஸின் மூலைவிட்டத்தில் சிறு எண் சேருங்கள். முழு பேண்டுக்கும் சராசரி எடுக்காதீர்கள்: பக்கத்து செல் ஒவ்வொரு பகுதியிலும் வேறு பயனருக்கு அனுப்பும். நான் அப்படிச் செய்து ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன்.

சிவாஜிநகர் அன்பர்: எத்தனை குறுக்கீடுகளை அடக்கலாம்?

நான்கு ஆன்டெனாவில் உங்களுக்கு இரண்டு ஸ்ட்ரீம் என்றால், மீதம் இரண்டு.

கோரமங்களா, டெஸ்ட் இன்ஜினியர்: 64 ஆன்டெனா பேஸ் ஸ்டேஷனுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பயனர் எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் சேனல்கள் தாமாகவே ஏறத்தாழச் செங்குத்தாகிவிடும் (ஒன்றோடொன்று கலக்காது), எம்எம்எஸ்இ போதும். ஒயிட்டனிங்கை மட்டும் அங்கேயும் விடாதீர்கள்.