கூடப் பிறந்த அண்ணன் நலம், அப்பாவுக்கு மட்டும் ஏன் இத்தனை நோய்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, கொத்தனார். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. செலவுக்குப் பயந்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். ஓய்வு பெற்ற ஆசிரியரான பெரியப்பாவோ 71 வயதிலும் தினமும் வாக்கிங் போகிறார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: முதலில் மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், மூச்சு வாங்குவதாக மட்டுமே இதய நோய் தலைகாட்டலாம். சிமென்ட் தூசி, பீடி இருந்தால் அது, ரத்தசோகை என்று வேறு காரணங்களும் உண்டு. இந்த வாரமே ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ நெஞ்சை அழுத்தினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் லீவு போட்டிருப்பார், சம்பளமும் வந்திருக்கும். அப்பா வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுச் சாரம் ஏறியிருப்பார். அந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் பிரஷர் ஏறும், சிறுநீரகமும் கெடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1967-ல் லண்டனில் ஆண் அரசு ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பட்டினி கிடப்பவர் யாரும் அதில் இல்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல் சுமார் மூன்று மடங்கு! புகைப்பழக்கத்தையும் பிரஷரையும் கழித்துப் பார்த்தும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 'அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுவது பக்கவாதத்தை வரவழைக்கும் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் பகுதிச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். அப்புறம், அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பதிந்திருந்தால் 60 வயதுக்கு மேல் மாத ஓய்வூதியம் உண்டு. பலர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதை எடுத்துப் பாருங்கள்.