மோட்டார் போன டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு லீவர் போடலாமா?

உங்கள் கேள்வி இது: பழைய எலெக்ட்ரிக் ஷிஃப்ட் ஃபோர் பை ஃபோர் வண்டி, டேஷ்போர்டில் குமிழைத் திருப்பினால் விளக்கு மினுக்குகிறதே தவிர டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, இதில் அதை மாற்றுவது ஒரு மோட்டார்) மாறவில்லை, புது மோட்டார் கிடைக்கவில்லை, லீவர் போட்டுவிடலாமா, சென்னைக் கோவளம் பக்கம் மணலில் இறக்க ஆசை.

போடலாம். என் வண்டியில் போட்டிருக்கிறேன், ஓடுகிறது. ஏற்கெனவே ஒருவர் "பட்டறை வேலை, உயிருக்கு ஆபத்து, எடைக்குப் போடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதியை யாரும் விளக்குவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வண்டி 2000களின் தொடக்கத்தில் வந்த டீசல் வண்டி. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் கீழே அந்தச் சண்டைதான் நடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் தண்ணீருக்குள் நின்றது. எஞ்சின் பிழைத்தது, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் தொங்கும் ஷிஃப்ட் மோட்டாரின் பிளக்குக்குள் ஈரம் போய்ப் பச்சை பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்துக் குமிழ் ஓர் இடத்தைக் காட்டும், உள்ளே கியர் வேறு இடத்தில் இருக்கும். ஆகவே முதலில் ஃபியூஸ், எர்த், பிளக் மூன்றையும் பாருங்கள். மோட்டாருக்குள் ஷாஃப்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும் ஒரு தகடு உண்டு, அதில் அழுக்கு படிந்தாலே விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடும். சுத்தம் செய்தால் தீரக்கூடிய கோளாறுக்கு யாரும் ஃப்ளோரை வெட்ட வேண்டாம். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் லீவருக்குப் போனேன், "மோட்டாரைச் சரி செய்யத் தெரியாதவன்" என்று எழுத வருபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்த மாற்றம் உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 80களின் கடைசியில் வந்த ஃபோர்டு பிராங்கோவில் இருந்த போர்க் வார்னர் 1356 பெட்டி லீவரோடும் வந்தது, மோட்டாரோடும் வந்தது. லீவர் வகையின் உள்பாகங்களை எடுத்து மோட்டார் வகையில் போட்டு மாற்றுவது அங்கே பழகிய வேலை. நம் ஊரில் பழைய ஜீப்புக்கு இரண்டு லீவர், ஜிப்ஸிக்கு ஒரு லீவர், எல்லாம் பிறவியிலேயே கையால் போடுவது. ஆனால் உங்கள் பெட்டிக்கு லீவர் வகை உள்பாகம் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை, ஜி.பி. ரோட்டிலும் கேட்டாகிவிட்டது. அப்போது மிச்சம் இருப்பது ஒரே வழி: மோட்டாரைக் கழற்றினால் வெளியே தெரியும் ஷாஃப்ட் முனைக்கு ஒரு கப்ளிங் கடைந்து, அதில் ஒரு கை, அதிலிருந்து ராடு, ராடு முனையில் லீவர்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட்டைத் திருப்புவதோடு நிற்பதில்லை, திருப்பிய இடத்திலேயே பிடித்தும் வைக்கிறது. உள்ளே இருப்பது வார்ம் கியர், ஷாஃப்ட் பக்கமிருந்து தள்ளினால் அது அசையாது. மோட்டாரைக் கழற்றிய நிமிடமே அந்தப் பிடி போய்விடுகிறது. போதாததற்கு, இந்தப் பெட்டிகளில் ஷாஃப்ட்டுக்கும், கியரை நகர்த்தும் ஃபோர்க்குக்கும் நடுவில் ஒரு ஸ்ப்ரிங் இருக்கும். பல்லுக்குப் பல் நேராக வரும்வரை விசையைத் தேக்கி வைத்து, நேரானதும் கியரைத் தள்ளிவிடும். நீங்கள் லீவரை ஹையிலிருந்து (சாதாரண வேகம்) லோவுக்கு (வேகம் குறைவு, இழுவை அதிகம்) தள்ளும்போது பல் நேராக இல்லையென்றால் அந்த ஸ்ப்ரிங் லீவரைத் திருப்பித் தள்ளப் பார்க்கும். ஹைக்கும் லோவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நியூட்ரல். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் விழுந்தால் மெயின் கியரை முதல் கியரில் போட்டிருந்தாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது, ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் துணை.

எனக்கு முதலில் லீவர் போட்டுக் கொடுத்த பட்டறை இந்தப் பிடியை வைக்கவே இல்லை. எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட் சரிவில், கியரில் போட்டு நிறுத்திய வண்டி பின்னால் நகர்ந்து தூணில் இடித்தது. பின்னால் குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடம். அதைக் கேட்கப் போனால் "நீங்க லீவர் கேட்டீங்க, போட்டாச்சு" என்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. காசு வாங்கிக்கொண்டு பாதி வேலை செய்வது ஒரு பக்கம், அந்த மீதிப் பாதி என்னவென்றே தெரியாமல் செய்வது அதைவிட மோசம்.

அதற்கப்புறம் கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறைப் பெரியவர்தான் சரி செய்தார். மோட்டாரை மேஜையில் வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "தம்பி, லீவர் போடுறது சின்ன வேலை. அது போட்ட எடத்துல நிக்கணும்ல, அதுக்குத்தான் காசு" என்றார். கெட்டியான தகட்டில் 2H (இரு சக்கர ஓட்டம், ஹை), 4H (நான்கு சக்கர ஓட்டம், ஹை), N (நியூட்ரல்), 4L (நான்கு சக்கர ஓட்டம், லோ) என்று நான்கு பள்ளம் வெட்டி, ஸ்ப்ரிங் வைத்த பின்னை லீவரோடு சேர்த்தார். பின்னை மேலே இழுக்காமல் லீவர் அசையாது. N பள்ளத்தை மட்டும் மற்றதைவிட ஒதுக்கிப் பக்கவாட்டில் வைத்தார், தெரியாமல் போய் விழ முடியாது. எளிமையான வேலைதான், ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் புது வண்டி எடுத்தபோதுகூட வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பள்ளிக்கரணைப் பக்கம் லோவில் போட்டுப் பெரியவர்களை வெளியே கொண்டுவந்தது இந்த லீவரால்தான்.

இழப்பவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எலெக்ட்ரிக் பெட்டியில் ஒரு காந்தக் கிளட்ச் உண்டு, ஓடும்போதே முன் ஷாஃப்ட்டைச் சுழலவிட்டு வேகத்தைச் சமமாக்கும். கண்ட்ரோல் யூனிட்டைக் கழற்றிவிட்டால் அது வேலை செய்யாது, எனவே 4Hக்கு நின்றுகொண்டு மாற்றுங்கள். லோவுக்கு எப்போதுமே வண்டி நிற்க வேண்டும், மெயின் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். விழவில்லையென்றால் லீவரோடு மல்லுக்கட்டாமல் வண்டியை ஒரு சாண் உருட்டுங்கள். சில வண்டிகளில் முன் ஹப்பை (முன் சக்கரத்தை அதன் ஆக்ஸில் ஷாஃப்ட்டோடு இணைக்கும் பாகம்) பூட்டுவதும் அதே கண்ட்ரோல் யூனிட்தான், அப்படியானால் கையால் திருகும் ஹப் போட வேண்டியிருக்கும். மோட்டார் ஒயரைப் பிடுங்கும்போது ஸ்பீடு சென்சார் ஒயரும் அதே கட்டில் வரலாம், பார்த்து வெட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் 4Hல் ஓட்டாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் (முன்பின் ஷாஃப்ட்டுகளை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு) இல்லாத பெட்டியில் திருப்பத்தில் முன்பின் சக்கரங்கள் வேறு வேறு தூரம் ஓடும், அந்த இழுப்பு முழுவதும் உள்ளே இருக்கும் செயினில் ஏறும்.

அப்புறம் அந்தக் கோவளம் மணல். கேட்காததைச் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. ராத்திரியில் தன்னார்வலர்கள் நடந்தே போய் முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழிகளும் இருக்கும். அதன்மேல் இரண்டு டன் வண்டியை ஏற்றி வீடியோ எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால், இந்த நான்கு சக்கர வண்டிக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி ஓட்ட வேறு இடமா இல்லை?

சரி, கடைசியாக ஒன்று. லீவருக்காக ஃப்ளோரில் போடும் ஓட்டையை ரப்பர் பூட் வைத்து நன்றாக அடையுங்கள், வெட்டிய விளிம்பில் பிரைமர் அடியுங்கள். எனக்கு வெல்டிங் செய்தவர் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார், அடுத்த மழைக்குள் கார்ப்பெட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது.