உளுந்தங்கஞ்சியில் தேங்காய்ப்பால் திரிவது பற்றி

அடுப்பை அணைத்து, கஞ்சியின் கொதி முழுவதும் அடங்கிய பிறகே தேங்காயில் முதலில் பிழிந்த கெட்டிப் பாலை, அதாவது முதல் பாலை, ஊற்றுங்கள். கருப்பட்டிப் பாகு சேர்த்த கஞ்சி திரிந்து மேலே எண்ணெய் மிதப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; கெட்டிப் பாலைக் கொதிக்கவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

உளுந்தையும் பச்சரிசியையும் இரண்டாம் பாலிலோ தண்ணீரிலோ குழைய வேகவைத்து, வடிகட்டிய பாகு, சுக்குத்தூள், ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். பூண்டை உளுந்தோடேயே வேகவிடுங்கள். அந்த மணமில்லாத உளுந்தங்கஞ்சியை நான் கஞ்சியாகவே கருதுவதில்லை.

ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி கஞ்சி எடுத்து, விரல் பொறுக்கும் சூட்டில் பாலைக் கலந்து பாருங்கள். அப்போதும் திரிந்தால் பாலோ பாகோ புளித்திருக்கலாம். நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும்.

பசும்பால் ஊற்றுவதானால் பாகு சேர்ந்த கஞ்சி இன்னும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பால் கலந்ததை மீண்டும் கொதிக்கவைக்க வேண்டாம்.